உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்த பதினொரு மாதங்கள்

தலையில் நீர் கோத்துக்கொண்ட எங்கள் மகனுக்கு, அந்த நீரை வடிக்கக் குழாய் வைக்கும் முதல் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பிய நாளில் கொடுத்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். என்ன அறுவை செய்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற விவரமெல்லாம் அதில் இருந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: காய்ச்சல், வாந்தி, அதிகத் தூக்கம் இருந்தால் உடனே வரவும். மூன்று மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் வராதா, பால் கக்காதா, தூங்காதா? எது வழக்கம், எது ஆபத்து என்று அந்த வரி சொல்லவில்லை. அடுத்த பதினொரு மாதங்களில் அந்த வரிக்குள் மறைந்திருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தலையில் நான்கு அறுவை, அடிவயிற்றில் ஒன்று, மருத்துவமனையில் 49 இரவுகள். என் கணவர் மூத்த மகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியிருந்ததால் அந்த இரவுகளில் பெரும்பாலானவற்றை நான் தனியாகத்தான் கழித்தேன். எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் குறைந்தது இரண்டு இடங்களில் நாள்களை வீணாக்கியிருக்க மாட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பார்த்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

பிறந்தபோது அவன் தலைச் சுற்றளவு 35 சென்டிமீட்டர். ஆறாவது வாரத்தில் தடுப்பூசிக்குப் போனபோது 39. பத்தாவது வாரத்தில் 43. முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் தலை மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் வளரும், அதற்கடுத்த மூன்று மாதங்களில் ஒரு சென்டிமீட்டர், பிறகு அரை சென்டிமீட்டர் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பார்க்க வந்தவர்கள் பெரிய தலை, அறிவாளியாக வருவான் என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. நெற்றியின் ஓரங்களில் நீல நரம்புகள் புடைத்துத் தெரிந்ததையும், கண்மணிகள் கீழ்நோக்கி இறங்கி மேலே வெள்ளை தெரிந்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனால் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. பத்தாவது வாரத்தில் குழந்தை மருத்துவர் அளவுநாடாவை இரண்டாவது முறை சுற்றி அளந்தபோதுதான் வயிற்றுக்குள் ஏதோ சில்லிட்டது. உச்சந்தலையில் எலும்பு இன்னும் மூடாத மென்மையான இடமான உச்சிக்குழி வழியாகவே அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள், மறுநாள் எம்.ஆர்.ஐ. மூளைக்குள் நான்கு அறைகள் இருக்கின்றன. அங்கே சுரக்கும் நீர், மூன்றாவது அறையிலிருந்து நான்காவது அறைக்கு ஒரு குறுகிய வாய்க்கால் வழியாகப் போக வேண்டும். என் மகனுக்கு அந்த வாய்க்கால் பிறவியிலேயே அடைபட்டிருந்தது. நீர் சுரப்பது நிற்காது, போக வழியும் இல்லை. மேலே இருக்கும் அறைகள் வீங்குகின்றன, தலை விரிந்து கொடுக்கிறது.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். எண்டோஸ்கோப் வழியாக மூன்றாவது அறையின் தரையில் சிறு துளையிட்டு நீருக்குப் புது வழி செய்யும் முறை இருக்கிறது, குழாயே தேவைப்படாது, ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது மட்டும் நிலைக்கும் வாய்ப்பு குறைவு என்றார் அறுவை நிபுணர். ஆகவே ஷண்ட். மூளை அறைக்குள் ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாய், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு வால்வு, அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் இறங்கும் இன்னொரு குழாய். வளர வளர நீளம் போதாமல் போகாதிருக்க வயிற்றுக்குள் மிச்சக் குழாயைச் சுருட்டி விடுகிறார்கள். ஒப்புதல் படிவத்தில் ரத்தப்போக்கு, தொற்று, அடைப்பு என்று ஒரு வரிசை இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று சொல்ல முடியாது. படித்தேன். ஆனால் அவை அந்த ஒன்றரை மணி நேர அறுவையில் நடக்கக்கூடியவை என்று நினைத்துக்கொண்டேன். அறைக் கதவு திறந்து குழந்தையை வெளியே கொண்டுவந்ததும் அபாயம் முடிந்துவிட்டது என்றே நம்பினேன். என் முதல் தவறு அதுதான். ஷண்டின் சிக்கல்களில் பெரும்பாலானவை அறுவை அறையில் நடப்பதில்லை. வாரங்கள், மாதங்கள் கழித்து, வீட்டில், பெற்றோரின் கண் முன்னால் நடக்கின்றன. குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்டுகளில் பத்தில் மூன்று, நான்கு முதல் ஆண்டிலேயே பழுதடைகின்றன, இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதி என்ற செய்தியை நான் அறிந்தது இரண்டாவது அறுவைக்குப் பிறகு. முன்பே தெரிந்திருந்தால் பயந்திருப்பேன்தான். ஆனால் தயாராகவும் இருந்திருப்பேன். உங்கள் குழந்தைக்கு இது நடக்கப் போகிறதென்றால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: இது பழுதானால் என் குழந்தையிடம் முதலில் என்ன தெரியும், இரவு இரண்டு மணிக்கு நான் யாரை அழைக்க வேண்டும்?

முதல் சிக்கல் நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. நீர் தேங்கும் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன், நீர் அதிகமாக வடிந்துவிட்டது. அறுவை முடிந்த இரண்டாவது வாரம், குளிப்பாட்டித் துவட்டும்போது உச்சிக்குழி ஒரு சிறு கிண்ணம்போல் உள்வாங்கியிருந்தது. மண்டையோட்டு எலும்புகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விரலுக்குப் படிக்கட்டுபோல் தட்டுப்பட்டன. அவன் நிமிர்த்திப் பிடித்தால் அழுதான், படுக்க வைத்தால் அடங்கினான். ஸ்கேனில் மூளையின் மேற்பரப்புக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் தெரிந்தது. மூளை வேகமாகச் சுருங்கினால் அந்த இடைவெளியில் இருக்கும் சிறு ரத்தநாளங்கள் இழுபட்டுக் கிழியும், ரத்தம் கட்டும் என்று விளக்கினார்கள். எங்கள் நல்ல நேரம், வெளியிலிருந்தே காந்தத்தால் அழுத்தத்தை மாற்றக்கூடிய வால்வு அது. ஒரு வளையத்தைக் காதுக்குப் பின்னால் வைத்துத் திருப்பினார்கள், வால்வின் அழுத்த எண் மாறியது, அவ்வளவுதான். நான்கு நாள் கண்காணிப்பில் வைத்துவிட்டு அனுப்பினார்கள். இப்படிப்பட்ட வால்வு வைத்த குழந்தைகளின் பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த எண் மாறியிருக்கலாம், எடுத்த அன்றே மறுபடி சரிபார்க்கச் சொல்ல வேண்டும். சில வகை வால்வுகள் அதைத் தாங்கும், சில தாங்காது, ஆகவே உங்கள் வால்வின் வகைப் பெயரையும் இப்போதைய எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் பொருத்திய பொம்மைகளையும் தலைக்கருகில் கொண்டுபோகும் காந்தப் பொருள்களையும் நாங்கள் அன்றோடு ஒதுக்கிவிட்டோம்.

அந்த நாள்களில் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்ப்பது எனக்கு ஒரு நோயாகவே ஆகிவிட்டது. இரவில் மணிக்கு நான்கு முறை எழுந்து தொட்டேன். படுத்திருக்கும்போது நிறைந்திருப்பதுபோல் இருக்கும், பதறுவேன். அழும்போது புடைக்கும், இன்னும் பதறுவேன். ஒரு மூத்த செவிலியர்தான் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "அழும்போதும் படுத்திருக்கும்போதும் எல்லாக் குழந்தைக்கும் அது நிறையும் அம்மா. நிமிர்த்திப் பிடித்து, அழாமல் அமைதியாக இருக்கும்போது பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒரே நேரத்தில் பார்த்தால் போதும்." அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, மடியில் உட்கார வைத்துத் தொட்டேன். ஞாயிறுதோறும் தலையை அளந்தேன், புருவத்துக்குச் சற்று மேலிருந்து பின்மண்டையின் புடைத்த பகுதி வரை, அதே நாடாவால், மூன்று முறை அளந்து பெரிய அளவைக் குறித்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். அன்று அது என் பதற்றத்தைக் கட்டிப்போட ஒரு வழி, அவ்வளவுதான். பின்னால் அது சாட்சியாக நிற்கும் என்று நினைக்கவே இல்லை.

அறுவையிலிருந்து ஐந்து வாரம் கழித்து லேசான காய்ச்சல். தொற்றைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் அதிகம் இழந்தது இங்கேதான். நெருப்பாய்க் கொதிக்கும் காய்ச்சல் இல்லை. பால் குடிப்பது குறைந்தது, எதற்கெடுத்தாலும் சிணுங்கினான், வயிறு சற்று உப்பியிருந்தது. வீட்டுக்கு அருகே பார்த்த மருத்துவர் வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என ஐந்து நாளுக்கு ஓர் ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுத்தார். தலையில் ஷண்ட் இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் அறுவை செய்து ஐந்து வாரம்தான் ஆகிறது என்பதை அழுத்திச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது, மனம் லேசானது. ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. ஆறாம் நாள் வயிற்றுத் தையலருகே தோல் சிவந்து, குழாய் போகும் தடம் முழுவதும் தொட்டாலே வீறிட்டான். அந்த ஆறு நாள்களைத்தான் நான் இன்னும் மன்னிக்க முடியாமல் வைத்திருக்கிறேன். என்னையா, அந்த மருத்துவரையா என்று கேட்டால் பதில் தெரியவில்லை.

வால்விலிருந்து ஊசி மூலம் நீர் எடுத்துச் சோதித்தார்கள். முதல் நாள் கிருமி எதுவும் வளரவில்லை. உடனே நான் அப்பாடா என்றேன். பெரிய மருத்துவர் தலையசைத்தார். ஏற்கெனவே கொடுத்த சிரப் கிருமியை முழுதாகக் கொல்லாமல் அடக்கி மட்டும் வைத்திருக்கலாம், தவிர இந்த வகைக் கிருமி மெதுவாகத்தான் வளரும், பொறுங்கள் என்றார். மூன்றாம் நாள் வளர்ந்தது: ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். எல்லோர் தோலிலும் எப்போதும் வாழ்கிற, தோலில் இருக்கும்வரை யாருக்கும் தீங்கு செய்யாத கிருமி. ஷண்ட் தொற்றுகளில் பெரும்பாலானவை அறுவையின்போதே இப்படிக் குழாயில் ஒட்டிக்கொண்டு, முதல் ஆறு மாதங்களுக்குள் தலைதூக்குபவை. அதைக் கேட்டபோது நான் அழுதேன். நான் கட்டுச் சரியாகப் போடவில்லை, கை சரியாகக் கழுவவில்லை, அவனை முத்தமிட்டதால் வந்தது என்றெல்லாம் ஆறு நாளாக என்னையே குத்திக்கொண்டிருந்தேன். சிலிக்கோன்மேல் இந்தக் கிருமிகள் வழவழப்பான ஒரு படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்கின்றன, மருந்து அங்கே எட்டுவதில்லை. அதனால் பொதுவாக மருந்து மட்டும் போதாது, குழாயையே எடுத்தாக வேண்டும். எடுத்துவிட்டால் நீர் தேங்குமே? அதற்கு மூளை அறையிலிருந்து ஒரு குழாயை வெளியே கொண்டுவந்து பையில் வடிய விடுகிறார்கள்.

அந்த வெளி வடிகாலோடு 17 நாள். அதை அனுபவிக்கப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். நீர் சொட்டும் கிண்ணம் ஒரு கம்பத்தில், குழந்தையின் காதுத் துளையின் மட்டத்தைக் கணக்காக வைத்து மாட்டப்பட்டிருக்கும். குழந்தையை அந்த மட்டத்திலிருந்து தூக்கினால் நீர் கொட்டும், கீழே இறக்கினால் நின்றுபோகும். ஆகவே பால் கொடுக்க எடுப்பதற்கு முன் குழாயை அடைக்க வேண்டும், படுக்க வைத்து மட்டம் சரிசெய்த பிறகு மறக்காமல் திறக்க வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலையில் அவன் பசித்து அழ, நான் பாதித் தூக்கத்தில் அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன். கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது ஓடையாக ஓடியது. கத்திக்கொண்டே மணியை அடித்தேன். செவிலியர் ஓடிவந்து அடைத்தார். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆகியிருக்கலாம். அதன் பிறகு நானே தொட மாட்டேன் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு முறையும் செவிலியரை அழைத்து, அவர் அடைத்த பிறகே எடுத்தேன், அவர் திறந்ததை என் கண்ணால் பார்த்த பிறகே அவரைப் போகவிட்டேன். தொந்தரவு செய்கிறோமே என்ற கூச்சத்தை அங்கே விட்டுவிட வேண்டும். நாளுக்கு எவ்வளவு நீர் வடிந்தது, அதன் நிறம் என்ன என்பதையும் குறித்துக்கொண்டேன். கலங்கலாக இருந்தது ஒன்பதாம் நாள் தண்ணீர்போலத் தெளிந்தது. அந்தப் பக்கத்தில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். அடுத்தடுத்த சோதனைகளில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகே தலையின் மறுபுறத்தில் புது ஷண்ட் வைத்தார்கள். எல்லாம் சேர்த்து அந்த ஒரு தொற்றுக்கு 26 இரவுகள்.

இரண்டாவது ஷண்ட் வைக்கும் முன் நான் கேட்ட ஒரு கேள்வியை முதல் முறையே கேட்டிருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் ஊறவைத்த குழாய்கள் இருக்கின்றன. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வொன்றில், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1,600 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். சாதாரணக் குழாய் வைத்தவர்களில் 6 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது, வெள்ளி கலந்த குழாயிலும் அதே 6, ஆன்டிபயாடிக் குழாயில் 2 மட்டுமே. இது எல்லா இடத்திலும் கிடைக்குமா, எல்லாக் குழந்தைக்கும் பொருந்துமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்பதில் தவறில்லை. நான் கேட்டபோது அவர் கோபப்படவில்லை, முன்பே பேசியிருக்கலாம் என்றார். அறுவைக்குப் பின் முதல் ஆறு மாதங்களில் காரணம் தெரியாத எந்தக் காய்ச்சலுக்கும், ஷண்ட் வைத்த மருத்துவக் குழுவிடம் பேசாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுக் கதவில் ஒட்டினேன். வந்து போகும் உறவினர்களும் படிக்கட்டும் என்றுதான்.

அந்த 26 இரவுகளில் ஒன்றில் ஜான் ஹோல்ட்டரைப் பற்றிப் படித்தேன். பிலடெல்ஃபியாவில் இயந்திர நுணுக்க வேலை செய்தவர், மருத்துவம் படித்தவர் அல்லர். 1955இல் பிறந்த அவருடைய மகனுக்கும் தலையில் நீர் கோத்திருந்தது. அப்போதிருந்த வால்வுகள் அடைபட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, 1956இல் சிலிக்கோனால் ஒரு வால்வைத் தானே வடிவமைத்தார். இன்று நம் குழந்தைகளின் தலையில் இருப்பவற்றுக்கெல்லாம் அது ஒரு மூதாதை. அடைத்துக்கொள்ளும் தொல்லை அவருக்குப் பின் எழுபது ஆண்டுகளாகியும் முழுதாகத் தீரவில்லை என்பது வேதனைதான். ஆனாலும் இருட்டில் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, இதே பயத்தோடு ஒரு தகப்பன் பட்டறையில் உட்கார்ந்திருந்தான் என்ற நினைப்பு எனக்குத் துணையாக இருந்தது.

மகனுக்கு ஆறு மாதம் ஆகும்போது வலது விரைப்பை வீங்கியது. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைக்குழந்தைகளுக்கு வயிற்றிலிருந்து விரைப்பைக்குப் போகும் வழி சில நேரம் மூடாமல் இருக்கும், வயிற்றில் புதிதாக நீர் இறங்கும்போது அது விரிந்து நீர் சேரும், குடலும் இறங்கலாம். ஷண்ட் வைத்த குழந்தைகளிடம் இது அவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான் என்றார்கள். எனக்கு மட்டும் உலகமே இடிந்ததுபோல் இருந்தது. குழந்தை அறுவை நிபுணர் சிறிய அறுவையில் சரிசெய்தார், இரண்டு இரவுகள். வீக்கம் கெட்டியாகி, குழந்தை விடாமல் அழுது வாந்தியும் எடுத்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கலையும் அலட்சியம் செய்யக் கூடாது, வயிற்றில் அழுத்தம் கூடினால் நீர் வடிவது குறையலாம் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அடைப்பு ஒன்பதாம் மாதத்தில் வந்தது. அதற்குள் உச்சிக்குழி நன்றாகச் சிறுத்துவிட்டிருந்தது, விரல் நுனி அளவுதான். ஒரு காலை எழுந்ததும் வாந்தி எடுத்தான். பிறகு விளையாடினான். மறுநாள் காலையிலும் வாந்தி. பகலில் வழக்கமாக இரண்டு முறை தூங்குகிறவன் நான்கு முறை தூங்கினான். மூன்று வாரமாக உட்காரப் பழகியிருந்தவன் அன்று சாய்ந்து சாய்ந்து விழுந்தான். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினேன். இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் சி.டி. ஸ்கேன் எடுத்தார், பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டால் மூளை அறைகள் சிறியதாகத்தான் இருக்கின்றன, ஷண்ட் வேலை செய்கிறது, வயிற்றுக் கோளாறாக இருக்கும், வீட்டுக்குப் போகலாம் என்றார். ஸ்கேனே சொல்லிவிட்ட பிறகு நான் என்ன சொல்வது? போய்விட்டேன். ஆனால் வண்டியில் அவனை மடியில் வைத்திருந்தபோது மேலே பார்க்க முயன்று அவன் கண் ஏறவில்லை. கண்மணிக்கு மேலே வெள்ளை தெரிந்தது. பத்தாவது வாரத்தில் பார்த்த அதே கண்.

வீட்டில் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் ஒப்பிட்டது எந்த ஸ்கேன்? தேதியைப் பார்த்தபோது புரிந்தது, அது முதல் அறுவைக்கு முந்தையது, அறைகள் மிகப் பெரிதாக வீங்கியிருந்த நாளினுடையது. அதோடு ஒப்பிட்டால் எதுவும் சிறியதாகத்தான் தெரியும். அவன் நலமாக இருந்தபோது, இரண்டாவது ஷண்ட் வைத்த மூன்றாம் மாதம் எடுத்த ஸ்கேன் வேறு ஒரு குறுந்தகட்டில், என் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். முந்தைய வாரம் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்த காணொளியும் கைப்பேசியில் இருந்தது. பணி மருத்துவரிடம் நான் விவாதம் செய்யவில்லை. மூன்று செய்திகளை மட்டும் சொன்னேன்: இது அவன் நலமாக இருந்தபோது எடுத்த ஸ்கேன், இதோடு ஒப்பிடுங்கள். இது ஆறு நாளுக்கு முன், இது இப்போது. மூளை அறுவைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பார்க்கும்வரை நான் வீட்டுக்குப் போக மாட்டேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லி முடித்தேன். ஒப்பிட்டபோது அறைகள் பெருத்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. முதல் முறை அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததிலிருந்து அறுவை அறைக்குப் போகும்வரை 14 மணி நேரம். மூளை அறைக்குள் இருந்த குழாய் நுனியில் நீரைச் சுரக்கும் திசுவே வளர்ந்து துளைகளை அடைத்திருந்தது. அந்தப் பகுதியை மட்டும் மாற்றினார்கள். மறுநாள் மாலை கண் மேலே ஏறியது. என் முகத்தைப் பார்த்தான். அந்த நிமிடத்தைப் பற்றி என்னால் அதிகம் எழுத முடியவில்லை.

பிறகு எங்கள் அறுவை நிபுணர் சொன்னது இன்னும் முக்கியம். சில குழந்தைகளுக்கு அடைப்பு வந்தும் மூளை அறைகள் பெருக்காமலே இருக்கலாம். ஸ்கேன் மாறவில்லை என்பதால் ஷண்ட் நன்றாக இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, குழந்தையின் நிலையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். குழாய் எங்காவது துண்டாகிவிட்டதா, இணைப்புக் கழன்றுவிட்டதா என்பதற்குத் தலை முதல் வயிறுவரை எக்ஸ்ரே தொடராக எடுப்பார்கள், சி.டி.யில் மட்டும் அது தெரியாமல் போகலாம். வால்வை விரலால் அழுத்திப் பார்த்து அது உடனே மேலெழுந்தால் சரி என்று யாரோ எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், நானும் சில வாரம் செய்தேன். அவரிடம் சொன்னபோது, அதை நம்பவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம் என்று தெளிவாகத் தடுத்தார். ஆகவே என் அனுபவத்தில் பெற்றோர் கையில் இருக்கும் மிக வலுவான கருவி, குழந்தை நலமாக இருக்கும் நாள்களின் பதிவு. நலமாக இருக்கும்போது ஒரு ஸ்கேன் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அதன் பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். வாரம் ஒரு முறை அவன் எப்படித் தலை நிமிர்த்துகிறான், எப்படிப் பார்க்கிறான், எப்படி உட்காருகிறான் என்று ஒரு நிமிடக் காணொளி எடுங்கள். மருத்துவமனையில் உங்கள் குழந்தையை அவர்கள் அன்றுதான் பார்க்கிறார்கள். மந்தமாக இருக்கிறான் என்றால், அவன் இயல்பே அப்படியோ என்று நினைப்பார்கள். அவன் இயல்பு என்ன என்று காட்டக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

கைப்பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். ஷண்ட் வைத்த தேதிகள், எந்தப் பக்கம், வால்வு வகை, இப்போதைய எண், தொற்று வந்த தேதியும் கிருமியின் பெயரும், கடைசி ஸ்கேன் தேதி, மருத்துவக் குழுவின் தொலைபேசி எண். இதே அட்டையின் படம் கணவர், என் அக்கா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவர் ஆகியோரின் கைப்பேசியில் இருக்கிறது. வயிற்றில் வேறு எந்த அறுவை செய்ய நேர்ந்தாலும், மருத்துவர் கத்தி எடுப்பதற்கு முன் அங்கே குழாய் இருப்பது அவருக்குத் தெரிய வேண்டும். தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டுமோ என்று எனக்குப் பெரும் குழப்பம் இருந்தது. மருத்துவரிடம் கேட்டேன், ஷண்ட் இருப்பதால் நிறுத்தத் தேவையில்லை என்றார், அட்டவணைப்படி போட்டோம். ஷண்ட் இருக்கும் பக்கமாக முதல் வாரங்களில் படுக்க வைக்கவில்லை, குழந்தையின் தோல் மெல்லியது, வால்வின்மேல் அழுந்திப் புண்ணாகலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் அறுவைக்கு எங்களிடம் இருந்த சேமிப்பு முழுவதையும் கொடுத்தோம், அதோடு முடிந்தது என்று நினைத்ததால். தொற்று வந்தபோது கடன் வாங்கினோம். காப்பீடு முதல் அறுவையை ஏற்றது, பிறவிக் குறை என்று காரணம் காட்டி இரண்டாவதை மறுத்தது, எழுதி எழுதிப் பாதிதான் திரும்பக் கிடைத்தது. நான் விடுப்பெல்லாம் தீர்ந்து வேலையை விட்டேன். ஷண்ட் என்பது ஒருமுறைச் செலவு அல்ல என்று முன்பே தெரிந்திருந்தால், முதல் நாளே காப்பீட்டு ஒப்பந்தத்தில் பிறவிக் குறை, மறு அறுவை ஆகிய இரண்டும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்திருப்போம், மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் உதவித் திட்டங்களைக் கேட்டிருப்போம், கையிருப்பில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருப்போம். மூத்த மகளுக்கு அந்த ஆண்டு நான் கொடுக்காத நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. தம்பிக்குக் காய்ச்சலா என்று தினமும் காலையில் கேட்கிறாள். வேறு எதையும் கேட்பதில்லை.

இப்போது அவனுக்குப் பதினான்கு மாதம். ஐந்து மாதமாக ஷண்ட் தொல்லை தரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். போன ஞாயிறு மடியில் வைத்து உச்சியைத் தொட்டபோது குழி தட்டுப்படவில்லை, எலும்பு மூடிவிட்டது. மூடியது நல்ல வளர்ச்சி என்றார் மருத்துவர். இத்தனை நாள் உள்ளே நடப்பதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஜன்னல் அது. இனி தலைவலியை அவனாகச் சொல்லும் வயது வரும்வரை நடை, கண், தூக்கம், காலை வாந்தி ஆகியவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நோட்டில் உச்சிக்குழிக்கென்று இருந்த கட்டத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் எத்தனை அடி பிடிக்காமல் நடந்தான் என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். நேற்று இரண்டு.